நொடிக்கு 12 கோடி பைட்

முழு எச்டி வீடியோவின் ஒரு பிரேமில் 1920 × 1080 பிக்சல்கள், அதாவது 20 லட்சத்துக்கும் மேல். பிக்சலுக்கு 2 பைட் என்று வைத்தாலே ஒரு பிரேம் 41 லட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 30 பிரேம் என்றால் 12 கோடி பைட்டுக்கு மேல். வாஷிங் மெஷினையும் ரிமோட்டையும் இயக்குகிற மைக்ரோகன்ட்ரோலர் இந்த வெள்ளத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

மாணவர்களிடம் அதிகம் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் ரேம் 2 கிலோபைட்தான். முழு எச்டி படத்தில் ஒரே ஒரு வரிசைப் பிக்சல்களுக்கே 3,840 பைட் தேவை. படம் இருக்கட்டும், அதன் ஒரு கோடுகூட அங்கே அடங்காது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32-கேம் பலகை பல படி மேல். 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர்கள், சில்லுக்குள் 520 கிலோபைட் ரேம், வெளியே கூடுதலாக 4 மெகாபைட் நினைவகம். இதில் ஒரு பிரேமை எப்படியோ திணித்துவிடலாம். அடுத்த பிரேமுக்கு இடமில்லை. நேரமும் போதாது. நொடிக்கு 6.2 கோடி பிக்சல்கள் வந்து விழும்போது, ஒரு கோருக்குப் பிக்சல் ஒன்றுக்கு நான்கு கடிகாரத் துடிப்புகூட மிஞ்சுவதில்லை. அதற்குள் பிக்சலை வாங்கி வைக்கலாம், சுருக்க முடியாது.

அப்படியிருந்தும் அந்தப் பலகை வீடியோ எடுக்கிறதே? பெருமை அதனுடன் வரும் ஓவி2640 கேமராவுக்குத்தான் சேர வேண்டும். படத்தை ஜேபெக்காகச் சுருக்கும் சுற்று கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. சில்லின் வேலை, வந்ததை வாங்கி மெமரி கார்டில் எழுதுவது மட்டுமே. ஆனால் அந்தக் கேமரா 1600 × 1200 அளவில் நொடிக்கு 15 பிரேமுக்கு மேல் தராது. 30 வேண்டுமானால் 800 × 600 அளவுக்கு இறங்க வேண்டும். தனித்தனி ஜேபெக் படங்களின் கோவை என்பதால் கோப்பும் பெருத்துவிடும். வீடியோவுக்கான எச்.264 சுருக்க முறையோ முந்தைய பிரேமோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டுமே பதிகிறது. அப்படிச் செய்ய, முந்தைய பிரேம் நினைவகத்தில் இருந்தாக வேண்டும்.

மெமரி கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்பிஐ என்ற இணைப்பு முறையைப் பயன்படுத்தினால் 25 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 3 மெகாபைட்தான் உச்சம். கார்டு தன் உள்வேலைக்காக இடையிடையே எழுதுவதை நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் வருவதைத் தாங்க ரேம் இல்லையென்றால் பிரேம்கள் விடுபடும்.

வேகமான சில்லை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான நினைப்பு. ஆனால் கடிகார வேகத்தைவிட, வீடியோவைச் சுருக்கும் தனிச் சுற்றும் போதிய நினைவகமுமே முக்கியம். 2015இல் வந்த ராஸ்பெரி பை ஜீரோவில் 1 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றுதான். 512 மெகாபைட் ரேமும் எச்.264 சுற்றும் இருப்பதால் அது 1080பி வீடியோவை நொடிக்கு 30 பிரேமில் பதிகிறது. அது மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, லினக்ஸ் ஓடும் கணினி. இப்போது அத்தகைய சுற்று மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள்ளும் வந்துவிட்டது: 400 மெகாஹெர்ட்ஸ் இஎஸ்பி32-பி4 சில்லில் எச்.264 சுற்றும், செல்போன் கேமராக்கள் பயன்படுத்தும் மிபி இணைப்பும் உண்டு.