மாலில் நான்கு... கடற்படையில் மூன்று!

கடலே இல்லாத ஊரில் நீர்மூழ்கிக் கப்பல் ஓடுமா? ஓடியது! கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் என்று ஒரு நகரம். பசிபிக் கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே வெஸ்ட் எட்மன்டன் மால் என்ற பிரம்மாண்ட ஷாப்பிங் மாலுக்குள் ஒரு செயற்கை ஏரி வெட்டி, அதில் நான்கு நீர்மூழ்கிகளை இறக்கிவிட்டார்கள். டிக்கெட் எடுத்தால் உள்ளே உட்காரவைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாக மீன் காட்டுவார்கள். பக்கத்தில் கொலம்பஸின் சாந்தா மரியா கப்பலின் அச்சு அசலான நகல் வேறு. 1980-களின் நடுவில் இந்தச் சவாரி தொடங்கியபோது கனடாக் கடற்படையிடம் இருந்த நீர்மூழ்கிகள் எத்தனை தெரியுமா? மூன்று!

அன்றைக்குப் பிறந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கடற்படையைவிடப் பெரிய நீர்மூழ்கிப் படை ஒரு மாலிடம் இருக்கிறதே என்று ஒரு கட்சி கைகொட்டிச் சிரித்தது. மாலின் கப்பல்களில் டார்பிடோ இருக்கிறதா, அட்லான்டிக்கைத் தாண்டுமா என்று மறு கட்சி மல்லுக்கு நின்றது. அதற்கும் பதில் தயாராக இருந்தது. மால் கப்பல்கள் தினமும் காலையில் சொன்ன நேரத்துக்குப் புறப்படுகின்றன, உங்களுடையவை புறப்படுமா? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கனடாவின் நீர்மூழ்கிக் கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது, அதுவும் எப்படிப்பட்ட ஓட்டம்! திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம், வாருங்கள்.

பூர்வ கதையே ஒரு கடத்தல் படம். 1914, ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் நேரம். ஐரோப்பாவில் போர் மூளப்போகிறது. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைநகர் விக்டோரியாவில் யாருக்கும் தூக்கமில்லை. லைப்ஸிக் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பசிபிக்கில் எங்கோ உலவுகிறது. இங்கே காவலுக்கு நிற்பதோ ரெயின்போ என்ற பழைய குரூசர் ஒன்று. அந்த நேரம் பார்த்து ஒரு சேதி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் புத்தம் புது நீர்மூழ்கிகள் இரண்டு சும்மா நிற்கின்றனவாம். சிலி நாடு ஆர்டர் கொடுத்தவை. ஆனால் கம்பெனிக்கும் சிலிக்கும் பணத்தகராறு. சேதியைச் சொன்னவர் வேறு யாருமல்ல, அந்தத் தளத்தின் தலைவர் பேட்டர்சனேதான். இரண்டும் சேர்த்து 11.5 லட்சம் டாலர், பேரம் கிடையாது என்றார்.

கனடாக் கடற்படையின் ஓர் ஆண்டு பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு அந்தத் தொகை! ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசைக் கேட்டு, பதில் வந்து, பணம் வந்து சேர்வதற்குள் போர் அறிவிப்பு வந்துவிடும். வந்துவிட்டால் அமெரிக்கா நடுநிலை நாடு, போரில் இறங்கிய நாட்டுக்குப் போர்க்கப்பலை வெளியே விடாது. மாகாணப் பிரதமர் ரிச்சர்ட் மெக்பிரைட் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. மாகாணக் கஜானாவிலிருந்தே செக் எழுதச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம், சாலை, காடு இவற்றைப் பார்க்க வேண்டிய ஒரு மாகாண அரசு நீர்மூழ்கிக் கப்பல் வாங்குகிறது!

ஆகஸ்ட் 4 இரவு. விளக்குகளை அணைத்துக்கொண்டு, துறைமுக அனுமதி எதுவும் இல்லாமல், இரண்டு கப்பல்களும் சியாட்டிலிலிருந்து நழுவின. மறுநாள் விடியற்காலையில் கனடாவின் கடல் எல்லை அருகே ஒரு படகு காத்திருந்தது. அதில் வந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கப்பல்களுக்குள் இறங்கி மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகுதான் செக் கைமாறியது. நடுக்கடலில், ரொக்கத்துக்குச் சமமான செக்கைக் கையில் கொடுத்து முடிந்த வியாபாரம்! அவற்றைத் தடுத்து நிறுத்த அமெரிக்கா மில்வாக்கி என்ற குரூசரை அனுப்பியது. அது வருவதற்குள் பறவைகள் பறந்துவிட்டன.

இத்தனை ரகசியமாகக் கொண்டுவந்ததில் ஒரு சிக்கல். சொந்த ஊர்க்காரர்களுக்கே யாரும் சொல்லவில்லை! விக்டோரியாவை ஒட்டிய எஸ்க்விமால்ட் துறைமுக வாசலில் நின்ற காவல் படகு, முன்பின் தெரியாத இரண்டு நீர்மூழ்கிகள் விடியலில் வருவதைப் பார்த்ததும் சங்கை ஊதிக்கொண்டே உள்ளே ஓடியது. கரையில் பீரங்கிப் படை உஷாரானது. டெலிபோனில் விசாரித்த பிறகுதான் நம்முடையவை என்று தெரிந்தது. மாகாணம் தன் செலவில் பத்திரமாகக் கொண்டுவந்த கப்பல்களை மாகாணத்துப் பீரங்கியே சுட்டிருந்தால்? நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.

ஆகஸ்ட் 7 அன்று மத்திய அரசு கப்பல்களை எடுத்துக்கொண்டது. ஆக, ஏறக்குறைய மூன்று நாள் ஒரு மாகாண அரசிடம் சொந்த நீர்மூழ்கிப் படை இருந்தது! சிசி-1, சிசி-2 என்று பெயர் வைத்தார்கள். ஒன்றில் ஐந்து டார்பிடோ குழாய்கள், மற்றதில் மூன்று. போடுவதற்கு டார்பிடோதான் இல்லை. பொருத்தமானவை நாட்டின் மறுகோடியில் ஹாலிஃபாக்ஸில் கிடந்தன, ரயிலேறிக் கண்டத்தைக் கடந்து வந்தன. இவ்வளவு பணம் போன வழி சரியா என்று பின்னால் ராயல் கமிஷன் உட்கார்ந்து விசாரித்து, மெக்பிரைட் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கிறது. எதிரி மேற்குக் கரையை நெருங்கவே இல்லை. மூன்று வருடம் கரையைக் காத்த பின் 1917-இல் அந்தக் கப்பல்கள் பனாமா கால்வாய் வழியே ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் கடற்படைக் கொடியோடு அந்தக் கால்வாயைக் கடந்த முதல் போர்க்கப்பல்கள் அவைதான்.

அவசரம் வந்தால் ஓடிப்போய் வாங்குவது, அவசரம் போனால் மறந்துவிடுவது. இந்தப் பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1960-களில் அமெரிக்காவின் பழைய நீர்மூழ்கி ஒன்றை இரவல் வாங்கினார்கள். பிறகு பிரிட்டனிலிருந்து மூன்று ஓபரான் ரகக் கப்பல்கள் வந்தன: ஒஜிப்வா, ஒனொண்டாகா, ஒகனாகன். மால் தோற்கடித்த மூன்று இவைதான். 1987-இல் திடீரென்று ஒரு பெருங்கனவு. பத்து முதல் பன்னிரண்டு அணுசக்தி நீர்மூழ்கிகள் வாங்கப்போகிறோம் என்று அரசு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. பிரிட்டனும் பிரான்சும் விற்பதற்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தன. 1989 பட்ஜெட்டில் ஒரே வெட்டு, கனவு காலி.

பிறகு வந்தது செகண்ட் ஹேண்ட் யோகம். பிரிட்டன் 1990-களின் தொடக்கத்தில் அப்ஹோல்டர் ரகத்தில் நான்கு டீசல் நீர்மூழ்கிகளைப் படையில் சேர்த்திருந்தது. இனி அணுசக்திக் கப்பல் மட்டும் போதும் என்று முடிவெடுத்து, 1994-இல் அந்த நான்கையும் ஓரங்கட்டிவிட்டது. கிட்டத்தட்டப் புதியவை! 1998-இல் கனடா அவற்றை 75 கோடி கனடா டாலருக்குப் பேசி முடித்தது. விக்டோரியா, வின்ட்ஸர், கார்னர் புரூக், சிகூட்டிமி என்று பெயர் மாற்றினார்கள். நான்குக்கு நான்கு, மாலோடு சமன்! 2000-களின் நடுவில் மால் தன் சவாரியை நிறுத்தியது. ஒரு குண்டுகூடச் சுடாமல் கடற்படை ஜெயித்துவிட்டது.

ஆனால் வருஷக்கணக்கில் கடல்நீரில் சும்மா நின்ற கப்பல்கள் அவை. உப்புக்காற்றும் துருவும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. வால்வு, வெல்டிங், பேட்டரி என்று தொட்ட இடமெல்லாம் வேலை வைத்தன. பிரிட்டனில் உதிரிபாகம் செய்த பட்டறைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. 2004 அக்டோபரில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிட வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து தாயகம் நோக்கிக் கிளம்பிய சிகூட்டிமிக்குள் மறுநாளே கொந்தளிக்கும் கடலின் நீர் புகுந்தது. மின்கம்பிகள் பற்றிக்கொண்டன. ஒரு இளம் அதிகாரி உயிரிழந்தார். முறைப்படி அந்தக் கப்பல் கனடாக் கடற்படையில் சேர்க்கப்பட்டது 2015-இல்தான். 2011-இல் கார்னர் புரூக் பசிபிக் கரையோரத்தில் கடல்தரையில் மோதியது. அதற்கும் நீண்ட ஓய்வு.

சரி, உள்ளே எப்படித்தான் இருக்கும்? நீளம் 70 மீட்டர். ஏறத்தாழ ஐம்பது பேர். அந்தக் குழாய்க்குள் அடுப்பு, படுக்கை, கழிவறை, சோனார், 18 டார்பிடோக்கள், எல்லாம்! மேலே காற்று வாங்கும்போது ஓடும் டீசல் இன்ஜின்கள் இருக்கின்றனவே, அவை பாக்ஸ்மேன் வேலன்டா. பிரிட்டனில் மணிக்கு 125 மைல் வேகத்தில் பறந்த ரயில்களை இழுத்ததும் இதே இன்ஜின் குடும்பம்தான்! அந்த இன்ஜின்கள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். மூழ்கிய பிறகு எல்லாம் பேட்டரியில். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குள் இருக்கும் அதே லெட்-ஆசிட் சங்கதிதான், ஒவ்வொரு செல்லும் ராட்சத அளவு. அப்போது வரும் அமைதி இருக்கிறதே, அணுசக்திக் கப்பலுக்கும் வாய்க்காத அமைதி அது. அணு உலையைக் குளிர்விக்கும் பம்புகளை அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது. இதுவோ இன்ஜினை அணைத்துவிட்டுக் கடலோடு கடலாகக் கிடக்கும். அதனால்தான் அமெரிக்கக் கடற்படை தன் வேட்டைக்காரர்களைப் பழக்க இந்தப் பழைய டீசல் கப்பல்களோடு ஆசையாக ஒளிந்துபிடித்து விளையாடுகிறது.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா! குளியலுக்குத் தண்ணீர் அளந்துதான். டீசல் வாடை துணியில், தலைமுடியில், பெட்டியில் என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். பயிற்சியில் தேறியவருக்குத் தங்க நிற டால்பின் பேட்ஜ். அதைச் சும்மா சட்டையில் குத்திவிட மாட்டார்கள். ரம் நிரம்பிய கோப்பையின் அடியில் போட்டுக் கொடுப்பார்கள். மடமடவென்று குடித்து முடித்து, பேட்ஜைப் பல்லால் கவ்வி எடுக்க வேண்டும்! அதற்கு முன்னால் கப்பலின் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு சுவிட்சும் எங்கே இருக்கிறது என்று அத்துப்படியாகியிருக்க வேண்டும். சமையல்காரருக்கும் விதிவிலக்கு கிடையாது. தீப்பிடித்தால் அணைக்க அந்த நிமிடம் பக்கத்தில் நிற்பவர்தான் போக வேண்டும்.

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருவோம். சொன்ன நேரத்துக்குப் புறப்படுமா? 2019-இல் நான்கில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. கேலிக் கட்சிக்குக் கொண்டாட்டம்! ஆனால் அதற்கு முந்தைய வருடம் வரை போன கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017-இல் கிளம்பிய சிகூட்டிமி, ஆம், தீயில் கருகிய அதே கப்பல், பசிபிக்கைத் தாண்டி ஜப்பான் வரை போய் 197 நாள் கழித்துத் திரும்பியது. ஜப்பானுக்குக் கனடாவின் நீர்மூழ்கி ஒன்று போய் ஏறக்குறைய ஐம்பது வருடமாகியிருந்தது. 2018-இல் வின்ட்ஸர் மத்தியதரைக் கடலில் நேட்டோவுக்காகக் காவல் இருந்தது. 2012-இல் ஹவாய்ப் பக்கம் நடந்த பயிற்சியில் விக்டோரியா ஒரே டார்பிடோவில் ஒரு பழைய கப்பலை இரண்டாக உடைத்து மூழ்கடித்தது. இதெல்லாம் மால் கப்பலால் ஆகிற காரியமா?

கணக்கு இதுதான். நீர்மூழ்கி என்பது எப்போதும் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டிய பிராணி. நான்கு இருந்தால் ஒன்று வருடக்கணக்கில் பிரித்துப் போட்ட நிலையில் இருக்கும், ஒன்று சில்லறை ரிப்பேரில் இருக்கும், ஒன்று பயிற்சியில் இருக்கும். எஞ்சியது ஒன்று. அதற்கும் ஜலதோஷம் வந்துவிட்டால் படையே பூஜ்யம். நீர்மூழ்கி என்றாலே உலகுக்கு நினைவு வருகிற ஜெர்மனிக்குக்கூட இந்தக் கதி வந்தது. 2017 அக்டோபரில் அதன் ஆறு கப்பல்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. கனடாவின் கடற்கரையோ உலகிலேயே நீளமானது, இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல், மூன்று பெருங்கடல்கள். அதற்கு நான்கு கப்பல் என்றால் அது மாலுமிகளுடைய குற்றமா, இன்ஜினியர்களுடைய குற்றமா? கடை விரிக்கும்போது வாங்காமல், கடை மூடும்போது பழையதைத் தேடிய அரசுகளின் குற்றம். சிரிக்கிறவர்கள் அந்தத் திசையைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு வந்த செய்தியில்தான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். 2024 ஜூலையில் கனடா அறிவித்தது: பன்னிரண்டு வரை புது நீர்மூழ்கிகள்! 2025 ஆகஸ்டில் இறுதிச் சுற்றுக்கு இரண்டு கம்பெனிகளைப் பொறுக்கியது. ஜெர்மனியின் டிகேஎம்எஸ், தென்கொரியாவின் ஹன்வா ஓஷன். ஜெர்மன் கப்பல் நார்வேயுடன் சேர்ந்து வடிவமைத்தது. எதிரியின் சோனார் ஒலி வந்து பட்டதும் வேறு பக்கம் தெறித்துப்போக, அதன் மேலோடு வைரக்கல் மாதிரிச் சரிவு சரிவாக இருக்கும். கொரியக் கப்பல் 3,000 டன்னுக்கு மேல், லித்தியம்-அயான் பேட்டரி. இரண்டு தளங்களுக்கும் பிரதமர் மார்க் கார்னியே நேரில் போய்ப் பார்த்தார். முதல் கப்பல் 2035-க்குள் கையில் வர வேண்டும் என்பது இலக்கு. கப்பல் வருவதற்கு முன்னால் அதை ஓட்டுவதற்கு ஆட்கள் வேண்டும். பன்னிரண்டு கப்பலுக்கு வேண்டிய டால்பின் பேட்ஜ்காரர்களை இந்தப் பழைய நான்கில்தான் பழக்கியெடுக்க வேண்டும். ஆகவே இந்த நான்கையும் கரையேற்றிவிடுங்கள் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அவற்றை ஓட வைத்தே ஆக வேண்டும்.

டொரொன்டோ பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரி ஏரிக் கரையில் போர்ட் பர்வெல் என்று ஒரு சின்ன ஊர், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மால் தோற்கடித்த மூன்றில் ஒன்றான ஒஜிப்வா அங்கேதான் அருங்காட்சியகமாகக் கரையேறி நிற்கிறது. அதன் தம்பி ஒனொண்டாகா கியூபெக்கின் ரிமுஸ்கியில். கோடை விடுமுறையில் திறந்திருக்கும் நாள் பார்த்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். குனிந்து, வட்டக் கதவுக்குள் நுழைந்து, டார்பிடோ அறை வரை நடந்து பாருங்கள். கட்டாயம் போங்கள்.