இரும்பை வெட்டும் நெருப்பு: தெரிந்து தொடுவோம்



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன நம் சனங்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். இன்றும் கல்யாணம், கருமாதி என்று போக்குவரத்து உண்டு. "அங்க மாமாவோட வெல்டிங் பட்டறையில விடுறோம்" என்று பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரும் இருக்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் அந்த நெருப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆபத்து எங்கே என்றும் தெரியும்.

முதலாவது கேஸ் வெட்டு. இரும்பு உருகித்தான் வெட்டுப்படுகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இரும்பைச் சிவக்கச் சுட்டு, அதன்மேல் ஒட்சிசனைப் பாய்ச்சினால் இரும்பே எரிகிறது. எவர்சில்வரும் அலுமினியமும் அப்படி எரியாது. அதனால் அவற்றைக் கேஸால் வெட்ட முடியாது.

இரண்டாவது பிளாஸ்மா. 1957இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சின்னத் துவாரத்தால் காற்றை வேகமாக அனுப்பி, அதனூடே கரண்டைப் பாய்ச்சுவார்கள். காற்று மின்னலைப் போல் ஆகிவிடும். சூடு சுமார் 20,000 பாகை செல்சியஸ். இரும்பு உருக 1,500 பாகையளவு போதும். கரண்ட் ஓடும் எந்த உலோகத்தையும் இது வெட்டும். மரம், றப்பரை வெட்டாது.

மூன்றாவது லேசர். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியைச் சுட்டது ஞாபகம் இருக்கா? அதே கதைதான். பலமான ஒளியை ஊசிமுனை அளவுக்குக் குவித்தால் தகடு உருகும். கூடவரும் காற்று அதை ஊதித் தள்ளும். கம்பியூட்டர் கோடு போட, மெல்லிய தகட்டில் பூவேலைகூடச் செய்யலாம்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். பிளாஸ்மா வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் கண்ணில் மணல் கொட்டினமாதிரி உறுத்தும். கூலிங்கிளாஸ் போதாது, வெல்டிங் முகமூடி வேண்டும். லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். மெசின் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. நாகம் பூசிய தகரத்தை வெட்டும் புகையால் காய்ச்சல் வரும். டீசல், மருந்து இருந்த பீப்பாவை வெட்டவே வேண்டாம். வாசம் போனாலும் உள்ளே ஆவி இருக்கும், வெடித்துவிடும்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. யுத்தம் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பழைய இரும்பு என்று எடுத்ததை வெட்டப்போய் உயிர் விட்டவர்கள் உண்டு. குழாய்த் துண்டுபோல் தெரிவது ஷெல்லாக இருக்கலாம். என்னவென்று தெரியாத இரும்பைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். வந்த வழியே திரும்பிப்போய் 119க்குச் சொல்லுங்கள்.

முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டறைக்கே அனுப்புவதென்றால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முகமூடி தருவீங்களா? புகை வெளியே போக வழி இருக்கா? பழைய இரும்பு எங்கேயிருந்து வருது? பதில் சரியில்லை என்றால் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள். கையோடு கூட்டி வாருங்கள்.