தரகர் இல்லாமல் வீட்டை விற்பது

வேலூர்–திருவண்ணாமலை சாலையில் உள்ள கணியம்பாடி போன்ற ஊரில் தரகர் இல்லாமல் வீட்டை விற்க நினைப்பவர் முதலில் கணக்குப் பார்ப்பது கமிஷனைத்தான். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 80,000 ரூபாய். அது மிச்சமாவது உண்மை. ஆனால் தரகர் பார்த்துவந்த வேலை முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

முதல் சிக்கல் விலை. பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான அளவுகோலே தவிர, சந்தை விலை அல்ல. 2017இல் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. 2023இல் பழைய அளவுக்கே திரும்பியது. பக்கத்து வீடு போன விலையைப் பத்திரத்திலிருந்தும் அறிய முடியாது. பல பத்திரங்களில் தொகையைக் குறைத்தே எழுதுகிறார்கள். வாங்குபவரோ 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் மனதில் வைத்துத்தான் பேரம் பேசுவார். 40 லட்சத்துக்கு அது 3,60,000 ரூபாய்.

விற்பனை அதிகம் தடைபடுவது ஆவணங்களில்தான். கிராமத்து வீடுகள் பல, நத்தத்தில் தலைமுறையாக இருந்து வருபவை. தாய்ப்பத்திரம் இருக்காது, நத்தம் பட்டா மட்டும் இருக்கும், அதுவும் தாத்தா பெயரில். தாத்தாவும் அவர் பிள்ளைகளில் ஒருவரும் இறந்திருந்தால் இருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். முழு வீட்டையும் விற்க, கட்டிக்கொடுத்த அத்தை உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். விலை பேசும் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது. அச்சாரம் வாங்கிய பிறகு அத்தை வீட்டுக்கு நடப்பது மிகவும் கடினம்.

வில்லங்க விவரத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. அடைத்து முடித்த கடனுக்கு ரசீது ஆவணம் பதியாமல் விட்டிருந்தால், பதிவான அடமானம் இன்னும் இருப்பதாகவே காட்டும். கடன் வாங்கி வீடு வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆகவே வெறும் துண்டுச் சீட்டுதானே என்று விற்பவர் அலட்சியமாக இருக்க முடியாது. பதிந்துவிட்டால் வேறொரு தொல்லை: வாங்குபவர் பின்வாங்கிவிட்டு ரத்துக்குக் கையெழுத்திடவும் வராவிட்டால், அந்தப் பதிவு வில்லங்கத்தில் நின்று அடுத்த ஆளைத் தயங்க வைக்கும். நல்ல தரகர் இருந்தால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பார். அவர் இல்லாதபோது கெடு, மீதித் தொகை, தவறினால் அச்சாரம் என்னவாகும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அச்சாரத்தை ரொக்கமாக வாங்குவது ஆபத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கட்ட வேண்டியவர் விற்பவர்.

பத்திரப் பதிவன்று மீதித் தொகை வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா, வரைவோலை கைக்கு வந்ததா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, கிரயத் தேதி வரையிலான வீட்டு வரியும் மின் கட்டணமும் விற்பவர் பொறுப்பு. பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி ஆகியவற்றைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது வாங்குபவரின் வேலை.