வி.பி.என். ஓடும்போது இணையம் ஏன் மெதுவாகிறது?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல்கள் நடந்தபோது அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் தடைசெய்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அவ்வாறே நடந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் கதைக்க வேறு வழியின்றிப் பலர் வி.பி.என். என்னும் செயலியைத் தமது கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டனர். தடை நீங்கியும் சில தொலைபேசிகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, டேட்டா போட்டாலும் தங்குதில்லை என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் திரையின் மேல் ஓரத்தில் சிறிய திறப்பு அடையாளம் தெரிந்தால் வி.பி.என். ஓடுகிறது என்று பொருள்.

குளத்துத் துருசிலிருந்து நேரே வயலுக்கு வரும் வாய்க்காலை மறித்து, அயலூரைச் சுற்றித் தண்ணீரைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பது எமது விவசாயிகளுக்குத் தெரியும். வி.பி.என். செய்வதும் அதுதான். நாம் அனுப்புவதைப் பூட்டி, வேறொரு நாட்டிலுள்ள கணனிக்கு அனுப்பி, அங்கிருந்து சேரவேண்டிய இடத்துக்கு விடுகிறது. ஒளியிழையில் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். நியூயோர்க் சுமார் 14,000. ஒரு தடவை போய்வருவது கண்ணிமைக்கும் நேரந்தான். ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்கே பல தடவை போய்வர வேண்டும். இலவசச் செயலிகளில் ஒரே கணனியைப் பெருந்தொகையானோர் பங்கிடுவதால் நெருக்கடியும் சேர்கிறது.

முதலில் வி.பி.என். ஐ நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் மெதுவென்றால் குறை அதில் இல்லை. கோபுரம் தூரமாக இருக்கலாம். தகரக் கூரையும் அலையை மறிக்கும். முற்றத்துக்கு வந்து பார்க்கலாம். நிறுத்தியதும் வேகம் வந்தால், தேவையில்லாத வேளையில் நிறுத்தியே வையுங்கள். தேவையானபோது நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் போன்ற கிட்டிய இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். அமைப்புப் பகுதியில் 'வயர்கார்ட்' என்ற முறை இருந்தால் அதைப் போடுங்கள், 'ஓப்பன் வி.பி.என்.' முறையைவிட அது பெரும்பாலும் இலேசானது. சில செயலிகளில், வட்ஸ்அப்பை மட்டும் அவ்வழியே விட்டு மற்றவற்றை நேரே போகவிடும் வசதியும் உண்டு. பழைய தொலைபேசிகளுக்குப் பூட்டித் திறக்கும் வேலையே பாரம்.

காசு விடயமும் இருக்கிறது. யூடியூப்புக்கு, வட்ஸ்அப்புக்கு என்று தனித்தனியாக விற்கும் டேட்டாப் பொதி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும். வி.பி.என். ஓடும்போது நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே பொதுவான டேட்டாவிலிருந்தே கழியும். வாங்கிய பொதி அப்படியே கிடக்கும்.

இலவசம் என்பதற்காக எதையும் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. 2016 இல் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் அடங்கிய குழு 283 அன்ட்ரொயிட் வி.பி.என். செயலிகளைப் பரிசோதித்தது. 38 வீதமானவற்றில் தீங்கான நிரலின் அடையாளம் தென்பட்டது. 18 வீதமானவை செய்தியைப் பூட்டவே இல்லை. வங்கிக் கணக்கைத் தொலைபேசியில் பார்ப்பவர்கள், யாருடையதென்று தெரியாத செயலியை உடனே அழித்துவிடுவது நல்லது. நம்பகமான ஒன்றை வைத்திருக்க விரும்பினால் இணைப்பைத் துண்டித்து வையுங்கள். சும்மா இருக்கும் செயலி வேகத்தைக் குறைக்காது.