இருதயம் பிழைத்தது; மனம்?

இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரைக் காண உற்றார் உறவினர் திரண்டு வருவது நம்மவர் வழக்கம். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து, "மாமா! எமன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டீர்கள். இனிமேல் என்ன குறை?" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமாவும் புன்னகை செய்வார். வந்தவர்கள் படியிறங்கியதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவ்விதம் திரும்பிக்கொண்ட முகத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சிகிச்சையின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஏரி மதகு அடைத்துக்கொண்டால் பக்கத்தில் வேறு வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சுவார்கள் அல்லவா? அதுபோலவே, காலிலிருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து, இருதயத்தின் அடைபட்ட குழாய்க்கு மாற்று வழி அமைக்கும் முறையை, 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் அர்ஜெண்டீனா தேசத்தவரான டாக்டர் ரெனே ஃபவலோரோ நிலைநாட்டினார். எட்டே ஆண்டுகளில், 1975-இல், சென்னைப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் அந்த வித்தையை நம் தேசத்தில் செய்து காட்டினார். 'பைபாஸ்' என்ற சொல் இன்று நம் பாட்டிமார் வாயிலும் புழங்குகிறது. எல்லாம் சரியே. ஆனால் வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கிய பிறகும் பயிர் வாடி நின்றால், அதன் காரணத்தையும் ஆராய வேண்டாமா?

ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வட கரோலைனாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரைச் சராசரி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் நூற்றுக்கு 38 பேர் கத்தி படுவதற்கு முன்பே மனச்சோர்வின் குறிகளுடன் இருந்தனர்! சோர்வு மிகுந்திருந்தவர்களுக்கும், ஆறு மாதம் சென்ற பின்னரும் அது நீங்காதவர்களுக்கும் மரண அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. வயது, நீரிழிவு, புகைப் பழக்கம் முதலியவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட பின்னரும் இதுவே முடிவு. இது ஒரே ஆராய்ச்சியின் கூற்றுமல்ல: 2001-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், சிகிச்சைக்குப் பின் கடுஞ்சோர்வுற்றிருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் இருதயக் கோளாறு நேர்ந்தது, சோர்வில்லாதவர்களில் நூற்றுக்குப் பத்தே பேருக்கு.

மனம் எவ்வாறு இருதயத்தைத் தாக்குகிறது? சோர்ந்தவன் மாத்திரையை மறக்கிறான். நடையை நாளைக்கு ஒத்திப் போடுகிறான். விட்ட பீடியை மறுபடியும் தேடுகிறான். இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் இருதயத் துடிப்பை ஆளும் நரம்புகளின் ஒழுங்கும் குலைகிறது.

என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவரைச் சொல்கிறேன். ரண சிகிச்சை செவ்வனே முடிந்தது. மார்பெலும்பும் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் விடியற்காலையில் குளக்கரையைச் சுற்றி வந்துகொண்டிருந்த மனிதர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. பத்திரிகை பிரிக்கப்படாமலே கிடந்தது. வீட்டாரோ மிகுந்த பிரியத்துடன் அவருக்கு 'ஓய்வு' அளித்தார்கள். மின்சாரக் கட்டணத்தை மகன் கட்டினான். காய்கறிப் பையை மருமகள் வாங்கிக்கொண்டாள். கவலை தரும் கடிதங்களை மனைவி ஒளித்து வைத்தாள். முப்பது வருஷம் குடும்பத்தைத் தாங்கியவர் மூன்றே மாதத்தில் வீட்டிலுள்ள மரச் சாமான்களில் ஒன்றாகிவிட்டார். "உயிர் கொடுத்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரே!" என்று நன்றி கெட்டவராக அவரைப் பேசியவர்களும் உண்டு.

நான்காம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது ஓர் இளம் டாக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். "கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்றுப் போயிற்றா?" மகன் பார்த்துக்கொண்டிருக்கவே அவர் தேம்பி அழுதார். அதுவரை அவரிடம் கொழுப்பின் அளவைக் கேட்டவர் உண்டு. இதைக் கேட்டவர் இல்லை.

அவ்விரு கேள்விகளும் உலகெங்கும் வைத்தியர்கள் கையாளுபவை. அவற்றில் உறக்கமும் பசியும் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். களைப்பு, தூக்கமின்மை, ருசியின்மை ஆகியவை காயத்தினாலும் வரலாம். முதல் சில வாரங்களில் காரணமின்றிக் கண் கலங்குவதும் மறதியும் பலருக்கு நேர்ந்து தாமே அகலும். ஆனால் பேரக் குழந்தையின் மழலையும் சங்கீதமும் உப்புச் சப்பற்றுப் போய், அந்நிலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், அது காயத்தின் களைப்பன்று. தனியே ஒரு வியாதி.

வியாதியென்றால் மருந்தும் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் நடந்து 2009-இல் வெளியான பரிசோதனையில், பைபாஸுக்குப் பின் சோர்வுற்ற 302 பேரில் ஒரு பாதியினரோடு எட்டு மாத காலம் நர்ஸுகள் டெலிபோனில் பேசி வந்தனர். மருந்து சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, மனம் எப்படியிருக்கிறது என்று விசாரித்து, வைத்தியருக்கும் தெரிவித்தனர். இவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேருக்குச் சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் முப்பது பேருக்கே அவ்விதம் குறைந்தது. பழகிய நிபுணரிடம் வாரந்தோறும் பேசி எண்ணப் போக்கைத் திருத்திக்கொள்ளும் சிகிச்சையும் நற்பலன் தந்திருக்கிறது. மாத்திரைகளும் உள்ளன. ஆனால் பழைய வகைகளில் சில இருதயத்துக்கு ஆகாதவை. ஆதலால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது தகாது.

டெலிபோன் நம்மிடம் இல்லையா? 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். "மனசுக்கு வைத்தியமா? பைத்தியம் என்று ஊர் சொல்லாதா?" என்று தயங்குவோர் பலர். மார்பைப் பிளந்ததை ஊரறியச் சொல்பவர்கள் இதற்கு மட்டும் கூசுவது விந்தையே.

வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. வைத்தியர் அனுமதிக்கும் அளவில், பாரமில்லாத வேலைகளைத் திரும்ப அவர் கையில் கொடுத்துவிடலாம்: கட்டணம் கட்டுதல், கணக்குப் பார்த்தல், பேரனுக்குப் பாடம் சொல்லுதல். மாலை நடைக்கு ஒருவர் துணை போகலாம். "இருந்தென்ன பயன்?" என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் மட்டும் மறுநாள் வரை காத்திராமல், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடலாகாது.