கூக்குப் தீவின் கரை எந்தக் கோடு?

ஜொகூர், பொந்தியான் மாவட்டத்தில் கூக்குப் மீனவக் கிராமத்துக்கு நேர் எதிரே கிடக்கிறது கூக்குப் தீவு. மனிதக் குடியிருப்பே இல்லாத 647 ஹெக்டர் அலையாத்திக் காடு. மலாக்கா நீரிணையின் அலையை முதலில் வாங்கிக்கொள்வது இந்தத் தீவுதான். அதன் மறைவில் கிடக்கும் நீர்வழியில்தான் மீன் கூண்டுகள் மிதக்கின்றன. கிராமக் கரையோரம் கால்நட்டு எழுப்பிய வீடுகள் நிற்கின்றன. 2003இல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

தீவு வளர்கிறதா, தேய்கிறதா? பழைய வரைபடத்தின்மேல் புதியதை வைத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சேற்றுத் தீவுக்குக் கரை ஒன்றல்ல. ஓதம் ஏறினால் நீர் காட்டுக்குள் நுழைந்து, அதன் எல்லை மரங்களுக்கிடையே மறைந்துவிடும். வற்றினால் தீவையே மிஞ்சும் அளவுக்கு, ஏறத்தாழ 800 ஹெக்டர் சேறு வெளியே தெரியும். இரண்டுக்கும் நடுவே மரங்களின் வெளிவிளிம்பு. வரைந்தவர் இவற்றில் எதைக் கோடாக்கினார் என்று தெரியாமல் ஒப்பிட்டால், நடக்காத அரிப்பை நடந்ததாகச் சொல்லிவிடுவோம்.

பழைய படங்களிலிருந்து தொடங்கலாம். மலாக்காவில் பிறந்த வரைபடக் கலைஞர் எரேடியா 1604இல் சிங்கப்பூர் நீரிணைகளை வரைந்தார். கப்பல் போகும் வழியை அறிய அது அருமையான படம். பரப்பளவு எடுக்க உதவாது. 19ஆம் நூற்றாண்டின் கடல் அளவையாளர்கள் கோணமானியும் ஈயக்குண்டு கட்டிய கயிறும் கொண்டு ஆழத்தைப் பாகக் கணக்கில் குறித்தார்கள். ஒரு பாகம் ஆறடி. கப்பல் தரைதட்டக் கூடாது என்பதால், அந்த ஆழங்கள் தாழ்ந்த ஓதத்தின் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை.

வானிலிருந்து எடுத்த படங்களில் மரவிளிம்புதான் தெளிவாகத் தெரியும். 1982 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளிக்கு 30 மீட்டர். கரை ஆண்டுக்கு 2 மீட்டர் பின்வாங்கினாலும், ஒரு புள்ளி நகர 15 ஆண்டுகள் ஆகும். 2015இல் வந்த சென்டினல்-2 இதை 10 மீட்டராகக் குறைத்தது. படம் எடுத்த நேரத்து ஓதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கவை அந்தப் பழைய ஆழக் குறிப்புகள்தான். அரிப்பு பெரும்பாலும் நீருக்கடியில் தொடங்குகிறது. முன்னாலுள்ள சேறு தாழ்ந்தால் அலை வலிமை குறையாமல் காட்டை எட்டும். வேர்ப்பிடி மண் கரையும். பல ஆண்டுகள் கழித்தே மரம் சாயும், மரவிளிம்பும் அப்போதுதான் நகரும். பழைய பாகக் கணக்கை மீட்டராக்கி, ஓத மட்டத்தைச் சரிசெய்து, அதே இடங்களில் படகில் போய் மீண்டும் ஆழம் பார்த்தால், மரங்கள் விழுமுன்பே சேறு எங்கே இறங்குகிறது என்று கண்டுவிடலாம்.