தத்துவம் முன்னேறுகிறதா?

"இரண்டாயிரம் வருஷமாக அதே கேள்விகள்! ஒன்றுக்காவது விடை கண்டார்களா?" என்று தத்துவத்தைப் பற்றி நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. மருத்துவமும் பொறியியலும் வளர்ந்த வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஒரே ஒரு கேள்வியை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம்.

'அறிவு' என்பது என்ன? சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ 'தியேட்டட்டஸ்' என்ற நூலில் இதை ஆராய்ந்தார். நாம் ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், அதற்குத் தக்க விளக்கமும் வேண்டும் என்ற கருத்தை அலசிவிட்டு, இதுவும் போதாது என்று முடிவு சொல்லாமலே விட்டார். பின்வந்தோர் பலருக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது.

1948-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஓர் உதாரணம் சொன்னார். நின்றுபோன கடிகாரத்தை, ஓடுகிறது என்று எண்ணி ஒருவர் பார்க்கிறார். தற்செயலாக அது காட்டும் மணி சரியாக இருக்கிறது. அவர் மணியை 'அறிந்தார்' எனலாமா? 1963-ல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர், இத்தகைய உதாரணங்கள் கொண்ட மூன்றே பக்கக் கட்டுரையால் பழைய விளக்கத்தை ஆட்டம் காணச் செய்தார்.

நம் நாட்டிலோ, 8-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதைத் தொட்டிருக்கிறார். கானலைக் கண்டு தண்ணீர் என்று நம்பிப் போகிறவனுக்கு, அதே இடத்தில் பாறைக்கு அடியில் உண்மையாகவே தண்ணீர் கிடைக்கிறது. அவனுக்கு இருந்தது அறிவல்ல, அதிர்ஷ்டம்.

ரயில்வே சிக்னல் பிரிவினருக்கு இது நன்றாகப் புரியும். டிராக் சர்க்யூட் பழுதாகி, எந்நேரமும் 'பாதை காலி' என்றே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை உண்மையிலேயே காலியாக இருந்தால் வண்டி பத்திரமாகப் போய்விடும். ஆனாலும், விபத்து நடக்கவில்லையே என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அபாயகரமான பழுது என்றே பதிவாகும். பாதையில் வண்டி நின்றிருந்தால் சிக்னல் சிவப்பு காட்டியிருக்குமா என்பதே கேள்வி. 1981-ல் ராபர்ட் நோஸிக், அறிவுக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனையை வைத்தார். அதற்கும் மறுப்புகள் வந்தன.

முடிவான விடை இன்னும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த விடை தேறாது, ஏன் தேறாது என்பது இன்று தெரியும். பாலம் கட்டுகிறவனுக்கு எந்த இடத்தில் தூண் நிற்காது என்று தெரிவதும் முன்னேற்றமே. ஒரு குறையும் உண்டு: தர்மோத்தரர் கண்டது பரவலாகச் சென்று சேராததால், ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் அதே பாதையை மறுபடி போட வேண்டியதாயிற்று.

நம் பிள்ளை தத்துவம் படிக்க விரும்பினால், "இது சோறு போடுமா?" என்று கேட்கலாம், வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்தக் கவலை நியாயமானதே. "எங்கும் போய்ச் சேராத படிப்பு" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.